பாறைச் சரிவு மாடலுக்கு ஒற்றைக் கல் சோதனை

யூடெக் (UDEC) போன்ற, பாறையைத் தனித்தனித் துண்டுகளாகக் கணக்கிடும் மென்பொருளில் நூற்றுக்கணக்கான பிளவுகளோடு பாறைச் சரிவை வரைந்து ஓட்டுகிறவரா நீங்கள்? அதற்கு முன் 35 பாகை சாய்ந்த தளத்தில் ஒரே ஒரு பாறைத் துண்டை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒட்டுவலு (துண்டும் தளமும் ஒட்டிப் பிடிக்கும் வலு) பூஜ்யம், தண்ணீர் இல்லை. உராய்வுக் கோணம் 30 பாகை என்றால் துண்டு வழுக்க வேண்டும். 40 என்றால் அசையக் கூடாது. கைக்கணக்கும் எளிது: உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைச் சாய்வின் டேன் மதிப்பால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி; அது 1-க்குக் கீழே போனால் துண்டு வழுக்கும். முதலாவதற்கு 0.82, அடுத்ததற்கு 1.20.

இதற்கே மாடல் ஒத்துவரவில்லை என்றால் பெரிய சரிவின் வண்ணப் படங்களை வைத்து என்ன செய்ய! நான் முதலில் பார்ப்பது, துண்டு நகரும்போது புதிதாக உண்டாகும் தொடுபுள்ளிகளுக்கும் அதே உராய்வு போய்ச் சேருகிறதா என்பதைத்தான். அதை மறப்பது ரொம்ப சுலபம்.

அப்புறம் பிளவின் விறைப்பு, அதாவது அழுத்தினால் பிளவு எவ்வளவு விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது என்பது. அளவுக்கு மீறி ஏற்றினால் நேரப் படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேர அளவு) சுருங்கி, ஓட்டம் மணிக்கணக்கில் இழுக்கும். ரொம்பக் குறைத்தால் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று புதையும். கணக்குக்காகக் கல்லைப் பிரித்த சிறு கட்டங்களில், அதாவது வலைக்கண்களில், பிளவுக்குப் பக்கத்தில் உள்ளவற்றின் விறைப்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டாமல் வைத்தால் போதும். சோதனை சரியாக வந்த பிறகு பிளவுகளில் நீர் அழுத்தத்தைச் சேருங்கள்.