ஏழு புள்ளிக் கரப்பானைப் புதர்க்காட்டில் காண்பது எப்படி?

கரப்பான் என்றதும் கழிவுநீர்க் குழாயை நினைப்பவர்கள், தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் ஏழு புள்ளிக் கரப்பானை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். தெரியா பெட்டிவெரியானா என்பது இதன் அறிவியல் பெயர். 1758-இல் இதற்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸே இதை ஆமைவண்டுகளோடு சேர்த்துவிட்டார் என்பதால், முதல் பார்வையில் நீங்களும் வண்டு என்று எண்ணினால் அதில் வியப்பில்லை.

தேட வேண்டிய காலம் மழைக்காலம். இளம்பூச்சிகள் மண்ணுக்குள்ளேயே வளர்கின்றன. மண் காயும்போது ஆழத்துக்கு இறங்கி, ஈரம் ஊறியதும் மேலே வருகின்றன. சிறகு முளைத்த பூச்சிகள் மழையை ஒட்டியே வெளியே நடமாடுகின்றன. ஆகவே சென்னைப் பக்கத்தில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, மழை விட்ட ஒரு மாலையில், பொழுது சாயும் நேரத்தில் செல்வது நல்லது. கிண்டி தேசியப் பூங்கா போன்ற காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம் வேண்டும்.

புதரடியில் சருகு திரண்டு கிடக்கும் இடத்தில் அமர்ந்து, ஒரு குச்சியால் சருகை மெல்ல விலக்குங்கள். தேளும் விரியனும் அங்கேதான் ஒதுங்கும் என்பதால் வெறுங்கையை நுழைக்கவே கூடாது. கரப்பான்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பூச்சி தென்பட்டதும் அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, உருப்பெருக்கியால் பாருங்கள். வட்டமான கரிய உடலில் வெண்புள்ளிகள் பளிச்சென்று தெரியும். இடச்சிறகு வலச்சிறகின்மேல் படிந்திருக்கும். இடச்சிறகில் நான்கு, வலச்சிறகில் மூன்று என்று புள்ளிகளை எண்ணிப் பார்ப்பதே இந்தப் பூச்சியைக் காண்பதில் எனக்கு மிகப் பிடித்த வேலை.

ஆறு வெண்புள்ளிகள் கொண்ட பெரிய தரைவண்டு ஒன்றும் இதே நிலத்தில் உண்டு. நீண்ட கால்களும் வலிய தாடைகளும் கொண்ட அந்த வண்டு, சீண்டினால் எரியும் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதைப் பிடிக்க முயலாதீர்கள். அதன் சாயலே கரப்பானை எதிரிகளிடமிருந்து காக்கிறது என்று கருதப்படுகிறது.

கரப்பானை ஐந்து நிமிடத்துக்குமேல் அடைத்து வைக்காமல், எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, விலக்கிய சருகை முன்போலவே மூடிவிடுங்கள். இதன் முட்டைக்கூடுகள் அந்த மண்ணில்தான் கிடக்கும்.