ரயில், ரயில், இன்னும் ரயில்: பிள்ளை ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடந்தால் என்ன செய்யலாம்

ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் வீட்டில் பெரும்பாலும் ஏதோ ஒரு விஷயம் ஆட்சி செய்துகொண்டிருக்கும். கோலாலம்பூரில் நான் அதிகம் பார்ப்பது ரயில். அப்புறம் காத்தாடி (மின்விசிறி), லிஃப்ட், டைனோசர், நாட்டுக் கொடிகள், துணி துவைக்கும் மெஷின். கண் விழித்ததும் அதே பேச்சு, சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு, படுக்கப் போகும்போதும் அதேதான். "இதை எப்படி நிறுத்துவது?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். நிறுத்தாதீர்கள். நேரத்துக்கும் இடத்துக்கும் பாதுகாப்புக்கும் வேலி போடுங்கள், ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் புரட்டும் டிஎஸ்எம்-5 கையேடு (2013) இந்தத் தீவிர ஈடுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது, அதனால் பலர் இதை ஏதோ காய்ச்சல் மாதிரி நினைத்து இறக்கப் பார்க்கிறார்கள். தினா மர்ரே, மைக் லெசர், வென் லாசன் மூவரும் 2005-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இதை வேறு பக்கமிருந்து பார்த்தது. மனிதரின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. மற்றவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல பக்கம் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் மொத்தத்தையும் ஓரிடத்தில் கொட்டுகிறார்கள். மோனோட்ரோபிசம் என்று அதற்குப் பெயர். இதைப் புரிந்துகொண்டால், "போதும், வந்து சாப்பிடு" என்று கைப்பேசியைப் பிடுங்கியதும் பிள்ளை ஏன் அப்படி அலறுகிறான் என்பதும் புரிந்துவிடும்: அவனுடைய கவனம் முழுக்க அங்கேதான் இருந்தது, வேறெங்கும் வைக்க அவனிடம் மிச்சமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆர்வம் பல நேரம் பாடகி, பூனை, பொம்மை என்று மற்றப் பெண் பிள்ளைகள் விரும்புவது போலவே இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறாள் என்பதை விட எவ்வளவு ஆழமாகப் போகிறாள் என்று பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நீங்கள் அந்த விஷயத்தைக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும், வேறு வழியே கிடையாது. ரயில் என்றால் நகர ரயில் தடங்களில் கெலானா ஜெயா 5-ஆம் எண், காஜாங் எம்ஆர்டி (மெட்ரோ) 9, புத்ராஜெயா எம்ஆர்டி 12, மோனோரெயில் 8 என்ற அளவுக்காவது தெரிந்திருக்கட்டும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் குடையாமல், அவன் வரைவதையோ அடுக்குவதையோ பார்த்துக்கொண்டிருங்கள். "இது என்ன கலர்? எத்தனை பெட்டி?" என்று பரீட்சை வைக்க ஆரம்பித்தால் அவன் எழுந்து போய்விடுவான், நானாக இருந்தாலும் போய்விடுவேன். "ஓ, இது பசார் செனி நிலையமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். பேச்சு குறைவான பிள்ளைகள் பலர் "ஸ்டேசென் பெரிகுட்ஞா, மஸ்ஜிட் ஜாமெக்" (அடுத்த நிலையம் மஸ்ஜிட் ஜாமெக்) என்று மலாய் ரயில் அறிவிப்பை அப்படியே ராகத்தோடு திருப்பிச் சொல்வார்கள். அதைக் கிளிப்பேச்சு என்று தள்ளாதீர்கள். காரில் ஏறும்போது சொன்னால் 'கிளம்பலாம்' என்று அர்த்தமாக இருக்கலாம், கூட்டத்தில் சொன்னால் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றும் இருக்கலாம். எப்போது, எங்கே சொல்கிறான் என்று கவனித்தால் ஒரு வாரத்தில் பிடிபடும்.

வெளியே கூட்டிக்கொண்டு போவது இந்த ஊரில் சுலபம். கெலானா ஜெயா தடத்தில் ஓட்டுநர் இல்லை, முதல் பெட்டியின் முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளம் நேராகத் தெரியும். டாமாய் நிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்குகிறது, மஸ்ஜிட் ஜாமெக் வரைக்கும் இருட்டு, பசார் செனி வருவதற்குள் சட்டென்று வெளிச்சம். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்துக்காகவே காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் கூட்டம் ஓய்ந்தபின், காலை பத்து மணிக்கு மேல் போங்கள். ஓடும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் எம்ஆர்டி நிலையத்தில் ஆரம்பியுங்கள், அங்கே நடைமேடை ஓரத்தில் தடுப்புக் கதவுகள் உண்டு. கேடிஎம் (மலேசிய ரயில்வே) நடைமேடையில் அது கிடையாது, கையை விடாதீர்கள். பத்துமலைக்குக் கேடிஎம்மின் கொமுட்டர் ரயிலில் போவது அருமையான பயணம்தான், ஆனால் தைப்பூசத்தன்று வேண்டாம். உறுமி மேளமும் நெரிசலும் சேர்ந்தால் ரயில் ஆசையெல்லாம் பறந்துவிடும்.

திரும்பி வருவதுதான் பெரிய பாடு. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதில் பலனில்லை, ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது, உண்மையைச் சொன்னால் நாமும் அதை மதிப்பதில்லை. எண்ணக்கூடிய முடிவைக் கொடுங்கள். "இன்னும் மூணு ரயில், அப்புறம் வீடு" என்று மூன்று விரலைக் காட்டி, ஒவ்வொரு ரயில் போனதும் ஒரு விரலை மடக்குங்கள். வீட்டிலும் இப்படித்தான்: இந்த வீடியோ முடியட்டும், இந்தப் படத்துக்குச் சக்கரம் வரைந்து முடி, அப்புறம் குளியல். அடுத்தது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் தாளில் எழுதி ஒட்டுங்கள். "சனிக்கிழமை மறுபடியும்" என்று சுவரில் இருந்தால் பாதிச் சண்டை குறையும். சொன்னபடி சனிக்கிழமை போயே ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

ஒரே கேள்வியை ஓயாமல் கேட்கிறானா? அவனுக்குப் பதில் தெரியும். உங்கள் வாயால் கேட்டு நிம்மதி அடைகிறான், இல்லாவிட்டால் உங்களோடு பேச அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருக்கலாம். ஒருமுறை ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், அடுத்த முறை "நீயே சொல்லு பார்க்கலாம்" என்று திருப்பிக் கொடுங்கள். உங்களுக்கு அலுத்துவிட்டால் முகத்தைச் சுளித்துக் குறிப்புக் காட்டாதீர்கள், அது அவனுக்குப் புரியாமல் போகலாம். "அம்மாவுக்கு இப்போ போதும், இரவு சாப்பிட்ட பிறகு மறுபடியும் ரயில் பேசலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். அப்பாவும் முறை வைத்துக் கேட்கட்டும், இது அம்மாவுக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை.

பாடத்துக்கும் இது உதவும். கெலானா ஜெயா தடத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எண் இருக்கிறது: கேஎல்சிசி கேஜே10, கேஎல் சென்ட்ரல் கேஜே15. எத்தனை நிறுத்தம் தள்ளி என்று கேட்டால் கழித்தல் கணக்கு தானாக வந்துவிடும். பள்ளியில் பிபிகேஐ என்ற சிறப்புக் கல்வி வகுப்பில் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி, பிள்ளைக்கென்று தனியாக எழுதும் ஆர்பிஐ கல்வித் திட்டத்தில் அவனுடைய ஆர்வத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் ரயிலை முழுக்கவே பாடமாக்கிவிடாதீர்கள். கொஞ்சமாவது அவனுக்கே அவனுக்காக இருக்கட்டும். "எஞ்சினியர் ஆயிடுவான்" என்ற கனவையும் இப்போதே அதன் தலையில் கட்ட வேண்டாம்.

லஞ்சம் பற்றி: "சோறு தின்னால்தான் ரயில்" என்று எல்லா வேலைக்கும் அதைப் பணயம் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. சில பயிற்சியாளர்கள் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள், அந்த நேரத்துக்கு வேலையும் நடக்கும். ஆனால் பள்ளியில் நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வரும் பிள்ளைக்கு மனசு அடங்குகிற இடமே அதுதான். அதைப் பறிப்பதைத் தண்டனையாக வைத்தால், அவனுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் போகும். தினமும் நிபந்தனையே இல்லாத ஒரு நேரம் அதற்கு இருக்கட்டும்.

எங்கே கண்டிப்பு வேண்டும்? சுழலும் காத்தாடிக்குள் விரல், நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் கால், தூக்கம் கெடுவது, சாப்பாட்டையும் கழிவறையையும் மறப்பது, அடுத்தவர் பொருளை எடுப்பது. இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பதினைந்து வயதுப் பையன் சின்னப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறான், சொந்தக்காரர் சிரிப்பார்கள் என்பதெல்லாம் காரணமே ஆகாது. ஆர்வம் திடீரென்று இரண்டு மடங்கானால் அதைத் திட்டுவதை விட்டு வேறு பக்கம் பாருங்கள்: ஆசிரியர் மாறினாரா, காது வலியா, பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா? பிள்ளையே சந்தோஷம் இல்லாமல், நிறுத்த ஆசைப்பட்டும் முடியாமல், பயத்தோடு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் அது ஆர்வமாக இல்லாமல் ஓசிடி என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம், குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் சொந்தங்கள். தீபாவளிக்கு உறவும் நட்பும் வந்து போகும் திறந்த இல்ல விருந்துக்குப் போனால் பிள்ளை நேராக அடுத்தவர் வீட்டுக் காத்தாடி சுவிட்சுக்குப் போய், கட்டைவிரலால் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒவ்வொரு 'டக்' சத்தமாகத் திருப்பிக்கொண்டிருப்பான். பெரியம்மா ஒருத்தர் "என்னடி இவன் இப்படி" என்று ஆரம்பிப்பார். போவதற்கு முன்பே அவருக்குப் போன் போட்டு, "அவனிடம் காத்தாடிக்கு எத்தனை இறக்கை என்று கேளுங்க பெரியம்மா, பேசுவான்" என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து வையுங்கள். பெரியவர்கள் பலருக்குக் கெட்ட மனசு கிடையாது, என்ன பேசுவது என்றுதான் தெரிவதில்லை. வீட்டுக்காரரிடம் "ஒரு பத்து நிமிஷம் திருப்பிக்கட்டுமா?" என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டால் நீங்களும் நிம்மதியாக இரண்டு முறுக்கு கடிக்கலாம்.

கடைசியாக, ஆர்வம் ஒருநாள் மாறும், சில பிள்ளைகளுக்கு மாறாமலும் போகும். மாறினால் நீங்கள் காசு போட்டு வாங்கிய ரயில் பொம்மைகள் மூலையில் கிடக்கும். "இவ்வளவு வாங்கிக் கொடுத்தேனே" என்று புலம்பாதீர்கள், அவசரப்பட்டு யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம், ஒரு பெட்டியில் போட்டுக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், சிலர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவார்கள். புதிதாக வந்தது லிஃப்ட் என்றால் அடுக்குமாடியில் காலை நேரம் வேண்டாம், எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரம் அது. மதியம் போங்கள், பாதுகாவலரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், "இன்னும் மூணு தடவை மேலே கீழே" என்று விரலைக் காட்டி ஆரம்பியுங்கள்.