பழைய போர் விமானப் படத்தின் காலத்தை வட்டச் சின்னத்தைக் கொண்டு கணிப்பது எப்படி?

விமானம் எந்த நாட்டுடையது என்று காட்ட அதன்மேல் தீட்டப்படும் வட்டம்தான் இந்தச் சின்னம். முதலில் வட்டத்தின் நடுவைப் பாருங்கள்: நீலமானால் பிரான்ஸ், சிவப்பானால் பிரிட்டன். 1914இல் பிரிட்டிஷ் விமானங்களில் தீட்டியிருந்த யூனியன் கொடியின் (பிரிட்டனின் தேசியக் கொடி) சிலுவை மட்டுமே தொலைவிலிருந்து தெரிந்ததால், அதை ஜெர்மன் சிலுவை என்று எண்ணித் தரைப்படையினர் தம் விமானங்களையே சுட்டனர். எனவே அவ்வாண்டின் இறுதியில் பிரெஞ்சு வட்டத்தை நிறவரிசை மாற்றி ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போர்ப் படமானால், சிவப்பு இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி. ஜப்பானின் செவ்வட்டத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக, அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை நீக்கினர். பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களிலும் நடுச்சிவப்பு மறைந்து, அடர்நீல வளையத்துக்குள் வெள்ளையோ வெளிர்நீலமோ இடம்பிடித்தது. அமெரிக்க நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டையும் சுற்றிலும் சிவப்பு விளிம்பும் இருந்தால், அந்த வண்ணம் பூசப்பட்டது 1943இன் நடுவில். சில மாதங்களிலேயே விளிம்பு நீலமாயிற்று. காலக்கணிப்புக்கு இதைவிட நல்ல தடயம் அரிது. ஆனால் ஆணை வந்த அன்றே எல்லா விமானங்களும் மறுவண்ணம் பெற்றுவிடவில்லை என்பதால், ஓரிரு மாதம் தள்ளியே கணக்கிடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். சில பிரிட்டிஷ் சின்னங்களைச் சுற்றியிருந்த மஞ்சள் வெளிவளையம்கூடக் கருமையாகத் தெரியும். ஆகவே சாம்பல் அழுத்தத்தை நம்பாமல், வளையங்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் முதலில் ஒப்பிடுங்கள்.