சின்குவே தெர்ரேவுக்குக் கார் எதற்கு? ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என் சித்தி மகளும் அவள் கணவரும் இத்தாலிப் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். பீசாவில் இறங்கியதும் வாடகைக் கார். கடலோரத்துச் சின்குவே தெர்ரேவின் ஐந்து கிராமங்களும் ஒரே நாளில். ஆளுக்கொரு பெரிய பெட்டி. 2017-இல் நானும் என் கணவரும் போட்ட அதே திட்டம். அதன்பின் இரண்டு முறை போய்வந்துவிட்டோம், தெரிந்தவர்கள் பலருக்குத் திட்டம் போட்டும் கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட் பத்திரம், பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கார்

இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

மான்டெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. ஐந்துமே கடலுக்கும் செங்குத்தான மலைக்கும் நடுவே இருப்பவை. காலங்காலமாக நடந்தும் படகிலும் போய்வந்த ஊர்கள். 1874-இல் ரயில் வந்தது. கார்ச் சாலை மலையின் மேலே வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சந்துகளுக்குள் கார் நுழைய வழியில்லை. மேலே இருக்கும் சின்ன நிறுத்தத்தில் இடம் கிடைத்தால் காசு கட்டி வண்டியை விட்டுவிட்டு, இறங்கி நடக்க வேண்டும். பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவிலிருந்து ரியோமஜ்ஜோரேவுக்கு ரயிலில் 10 நிமிடம்கூட ஆகாது.

இது தெரியாமல் என் கணவர் ஓட்ட, நான் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தம் நிரம்பிவிட்டது என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பினார்கள், அடுத்ததிலும் அப்படியே. இடம் தேடித் தேடியே பொழுது சாய்ந்துவிட்டது. கல்யாணமாகி நாங்கள் போன முதல் வெளிநாட்டுப் பயணம் அது. அன்று ராத்திரி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

காசு போனது அங்கே அல்ல, திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்திய ஒரு நகரத்தில். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகள் பலவற்றில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும்தான் போகலாம். இசட்.டி.எல். என்பார்கள். குறுக்கே கம்பி இருக்காது, போலீஸ்காரர் இருக்க மாட்டார். சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகை, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். பக்கத்தில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுத்து எரியும். நான் அதைப் பார்த்தேன். 'ஆக்டிவ்' மாதிரி இருக்கிறதே, வழி திறந்திருக்கிறது போல என்று நினைத்து, "போங்க, போங்க" என்றேன். அர்த்தம் நேர் எதிர். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். நடுவில் 'நோன்' என்ற சொல் இருந்தால்தான் போகலாம். கடை தேடி அந்த வழியாக இரண்டு முறை போனோம்.

மூன்று மாதம் கழித்து கார் கம்பெனி எங்கள் கிரெடிட் கார்டில் பணம் எடுத்தது. அபராதம் இதோடு முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. எங்கள் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கான கட்டணமாம் அது. அபராதக் கடிதம் அப்புறம் வந்தது, நுழைந்த தடவைக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல். வெளிநாட்டுக்காரர்களுக்கு 360 நாள் வரை அவகாசம் எடுத்து அனுப்பலாம் என்று சட்டமே இருக்கிறது. அதனால் ஆறு மாதமாக ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடிதம் கைக்கு வந்து 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். நாங்கள் அந்தத் தாளைப் புரிந்துகொள்வதற்குள் 5 நாள் ஓடிவிட்டது. மொத்தமாகப் போன பணத்தில் வெர்னாட்ஸாவில் இன்னும் ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம்.

பக்கத்து மாநிலமான டஸ்கனிக்கும் போகிறோம், கார் வேண்டும் என்றால் சரி, கடற்கரையை ரயிலில் முடித்துவிட்டு அப்புறம் காரை எடுங்கள். கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில், "உங்கள் தெரு இசட்.டி.எல்.லுக்குள் இருக்கிறதா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் ஐந்து

ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான் என்பதால் இந்த ஆசை வருகிறது. அந்த ரயில் பாதி நேரம் சுரங்கத்துக்குள் ஓடும். நாள் முழுக்கப் பிளாட்பாரக் கூட்டத்தில் நின்றதுதான் நினைவில் இருக்கும். ஏதாவது ஒரு கிராமத்தில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். லா ஸ்பெட்சியாவில் கப்பல் விட்டு இறங்கி வந்த கூட்டமெல்லாம் சாயங்காலம் கிளம்பிவிடும். ஏழு மணிக்கு வெர்னாட்ஸா துறைமுகக் கல்லில் உட்கார்ந்தோம். ஃபொக்காச்சா ரொட்டியின் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி விரலில் ஊறியது. எலுமிச்சை பிழிந்த நெத்திலியை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கரையேற்றிய படகுகளுக்கு நடுவே ஒரு பூனை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மறுபடி மறுபடி போவது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

பெரிய பெட்டி

எங்கும் படி. வீடுகளில் லிஃப்ட் அரிது. முதுகுப்பை போதும்.

கோர்னீலியாவில் அறை

ஐந்தில் இது மட்டும் கடலோரத்தில் இல்லை, குன்றின் மேல் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 380 படி. மினி பஸ் உண்டு, ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். முழங்கால் வலி இருந்தால் வேறு ஊர் பாருங்கள்.

ரயில் டிக்கெட்

காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்பார மெஷினில் முத்திரை குத்துங்கள். இல்லாவிட்டால் அபராதம்.

காதலர் பாதை

ரியோமஜ்ஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே கடலை ஒட்டிய பாதை. ஜோடியாகப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். 2012-இல் பாறை சரிந்து மூடியதை 2024-இல்தான் திறந்தார்கள். நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள்.

செருப்பு

மலைப்பாதையில் கூடாது.

அக்டோபர் கடைசி

மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அதற்காக அவர்களிடம் வாதாட வேண்டாம். 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் வெர்னாட்ஸாவும் மான்டெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன.

ஆகஸ்ட்

வேண்டாம். செப்டம்பரில் போங்கள், கடல் அப்போதும் குளிக்க இதமாகத்தான் இருக்கும்.