ஸ்பிதி கிராம வீடுகளில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் லாங்சா, கோமிக், டெமுல், லாலுங், தன்கர் ஆகிய ஊர்களை இணைக்கும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. நாலைந்து பேராகச் சேர்ந்து, பகலில் நடந்து, இரவில் ஊர்க்காரர் வீட்டில் தங்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுக்கள் அங்கே அல்லல்படுவதற்குக் குளிரைவிடப் பெரிய காரணம், ஊரிலேயே போட்டுவிட்டுப் போகும் நாள்கணக்கு. பார்க்க வேண்டிய இடங்களை எண்ணித் திட்டம் போடுகிறார்கள். எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்குகிறோம் என்று எண்ணிப் போடுவதுதான் சரி.

நாள் மிச்சமாகும் என்று மணாலி வழியாக ஏறுவது இதில் முதல் தவறு. மணாலி சுமார் 2,050 மீட்டர். அடல் சுரங்கப்பாதை 2020இல் திறந்தபின் பயணம் இன்னும் சுருங்கிவிட்டது. காலையில் கிளம்பினால் அன்றிரவே சந்திரதால் ஏரி அருகே, சுமார் 4,250 மீட்டரில், கூடாரத்தில் படுத்துவிடலாம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தூக்கத்தில் மூச்சு சீரற்றுப்போகும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். அதனால்தான் மாலைவரை நன்றாக இருந்தவருக்கு நள்ளிரவில் தலை பிளக்கிறது, வாந்தி வருகிறது. பக்கத்தில் மருத்துவமனையும் கிடையாது.

3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. சிம்லா வழியில் இதற்கு இடம் இருக்கிறது. நார்கண்டாவில் ஓர் இரவு, கல்பாவில் (2,960 மீ) ஓர் இரவு, தாபோவில் (3,280 மீ) இரண்டு, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜாவில் இரண்டு. நடையையும் லாங்சாவில் தொடங்கித் தன்கரில் முடிப்பதே வழக்கம். இறக்கம் அதிகம், கால் நோகாது. ஆனால் காஜாவிலிருந்து நேரே 4,400 மீட்டரில் இருக்கும் லாங்சாவில் போய்ப் படுப்பது பெரிய தாவல். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் திசையைத் திருப்பி, தன்கரில் (3,890 மீ) தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. லாலுங்கிலிருந்து டெமுலுக்கு (சுமார் 4,350 மீ) ஏற்றம் செங்குத்து. அதனால் டெமுலில் இரண்டு இரவு வைத்துக்கொண்டு பிறகு கோமிக், லாங்சா போகலாம். சிம்லாவிலிருந்து கணக்கிட்டால் இரண்டு வாரம் பிடிக்கும். பத்து நாள்தான் விடுமுறை என்றால் கடைசி ஊர்களை விட்டுவிடுங்கள். தாபோவிலும் காஜாவிலும் கூடுதலாகத் தங்கும் இரவுகளை வெட்டாதீர்கள்.

சிறு குழுவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது" என்று தலைவலியை மறைப்பவர் ஒருவராவது இருப்பார். காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் தலைவலி, குமட்டல், பசியின்மை பற்றிக் கேட்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் இறக்குங்கள். அரசு மருத்துவமனை காஜாவில் இருக்கிறது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாமல், கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதல் சில நாள்களுக்கு மதுவும் தூக்கமாத்திரையும் வேண்டாம்.

தலைவலி எல்லாமே உயரத்தால் வருவதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பையோ கரிச்சட்டியையோ மூடிய அறையில் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கும் அறிகுறி இதே தலைவலி, குமட்டல்தான். புகைபோக்கி வைத்த அடுப்பு எரியும் பொது அறையில் எல்லோரோடும் இருந்துவிட்டு, தூங்கப் போகும்போது கம்பளியை நம்புங்கள்.

அடுத்தது கழிப்பறை. இதில் நேரும் தவறு அந்த வீட்டின் வயலையே பாதிக்கும். ஸ்பிதியின் பழைய கழிப்பறை மேல்தளத்தில் ஓர் அறை. தரையில் ஒரு துளை. கீழே மூடிய கிடங்கு. மூலையில் மண்ணோ சாம்பலோ காய்ந்த சாணமோ குவித்து, ஒரு மண்வாரியும் வைத்திருப்பார்கள். போய் முடித்ததும் ஒன்றிரண்டு வாரி அள்ளிப் போட வேண்டும். பல மாதம் மக்கியபின் அதுவே பார்லிக்கும் பட்டாணிக்கும் எரு. நாம் பழக்கத்தில் ஒரு வாளி நீரை ஊற்றினால் மக்குவது நின்று நாற்றம் எடுக்கும். குளிர்காலத்தில் உறைந்தும் போகும். கழுவியே பழகியவர்கள் முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு வெளியே வீட்டார் காட்டும் இடத்தில் ஒரு குவளை நீரால் சுத்தம் செய்துகொள்ளலாம். காகிதத்தைத் துளையில் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துடைப்பான், நாப்கின், பிளாஸ்டிக் எதையும் போடவே கூடாது; அவை மக்காமல் எருவோடு வயலுக்குப் போய்ச் சேரும். உறைபோட்டுக் கட்டி உங்களோடு எடுத்து வாருங்கள். விருந்தினருக்காக நீர்க்கழிப்பறை கட்டிய வீடுகளும் இப்போது உண்டு. எல்லாவற்றுக்கும் பனி உருகிவரும் நீரையே நம்பியிருக்கும் ஊரில், உலர் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துவது வீட்டுக்குச் செய்யும் நன்மை.

தினமும் வெந்நீர் கேட்பதையும் விட்டுவிடுங்கள். அந்த நீரைச் சுடவைப்பது வறட்டியும், தூரத்திலிருந்து வரும் விறகும் கேஸும்.

மூன்று வேளையும் சோறு எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 4,300 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. அரிசியே லாரி ஏறி வருவது. வறுத்த பார்லி மாவான சாம்பா, நூடுல்ஸ் சூப்பான துக்பா, ஆவியில் வெந்த ரொட்டியான திங்மோ, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவை வீட்டில் எளிதாகக் கிடைப்பவை. குடிநீரைக் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்கினால் போதும். பாட்டில் நீர் வாங்க வேண்டியதில்லை.

வயலில் உதவுகிறோம் என்று கேட்காமல் இறங்குவதும் தவறு. கோடையில் பச்சைப் பட்டாணி அறுவடைதான் அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் முக்கியமானது. ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ள வேண்டும். வெறுமனே இழுத்தால் மேலாக வேர்விட்ட கொடி பெயர்ந்து வந்துவிடும். வரப்பையும் வாய்க்காலையும் மிதிக்காதீர்கள். நீர் முறைவைத்துப் பாய்கிறது. கரை உடைந்தால் ஒருவருடைய முறையே வீணாகும்.

மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மாணிச் சுவர்களையும் ஸ்தூபிகளையும் நம் கோயில்களில் போலவே வலமாகச் சுற்றிப் போக வேண்டும். தாபோ மடாலயத்தின் (பொ.ஆ. 996) பழைய கூடங்களுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. லாங்சாவில் குழந்தைகள் நீட்டும் அம்மோனைட் (சுருள் ஓடுடைய பழங்காலக் கடலுயிரி) புதைபடிவங்களை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டுவார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பதும் வேண்டாம்.

குழு ஆறு பேரைத் தாண்டினால் பெரும்பாலும் ஒரே வீட்டில் இடம் போதாது. டெமுல் போன்ற ஊர்களில் விருந்தினரை வீடுகளுக்கு முறைவைத்துப் பிரிக்கிறார்கள். "படத்தில் பார்த்த வீடுதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் அந்த ஏற்பாடு குலையும். முகவர் வழியாகப் போனால் ஓர் இரவுக்கு வீட்டாருக்கு எவ்வளவு சேர்கிறது என்று முன்பே கேளுங்கள். மேல்கிராமங்களில் பணம் எடுக்க வழியில்லை. காஜாவின் ஏடிஎம்மையும் முழுதாக நம்ப முடியாது. சில்லறை நோட்டுகளாக, இரண்டு நாள் கூடுதல் செலவுக்கும் சேர்த்து, சிம்லாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சிம்லா வழியில் வரும் கின்னௌர் மாவட்டச் சாலை நிலச்சரிவால் அடைபடும் என்பதால் அந்த இரண்டு நாளை ஊர் திரும்பும் டிக்கெட்டிலும் விட்டுவையுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு, கல்பா அருகே உள்ள ரெக்காங் பியோவைத் தாண்டிக் காஜா போகும் எல்லைப்பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதைச் சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வேலைநாளில்தான் வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்காதபடி நாள் குறியுங்கள்.