எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான சமூக வலைத்தளம்: படிப்படியாக அமைத்துக் கொடுப்பது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அம்மாவுக்குச் சென்னையில் வேலை. பிள்ளை காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஐயா (தாத்தா), அப்பத்தாவோடு இருந்து படிக்கும். அந்தப் பிள்ளைக்குப் போனே கொடுக்காதீர்கள் என்பது நடக்காத காரியம். ராத்திரி அப்பா முகத்தைப் பார்க்க அதுதான் வழி. ஆனால் அப்படித் தொடங்கிய பிள்ளை வகுப்புக் குழு, வீடியோ, விளையாட்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்விடுகிறது. எங்கே போயிருக்கிறது என்று அப்பத்தாவுக்குத் தெரிவதில்லை. பிள்ளையார் நோன்புக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஊருக்கு வரும்போது ஒரு மத்தியான நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, அப்பத்தாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைச் செய்துவிடுங்கள்.

"பாதுகாப்பான தளம் எது, பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். பெயர் நிலைப்பதில்லை. குழந்தைகளுக்கென்றே 2005-இல் வந்து உலகமெங்கும் பிரபலமான கிளப் பெங்குயின் 2017-இல் மூடப்பட்டது. எந்தத் தளமானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: முன்பின் தெரியாத ஓர் ஆள் இந்தப் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்ப முடியுமா? முடியும் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

படி 1: பிறந்த வருடத்தை உள்ளபடி போடுங்கள்

இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப், ஸ்னாப்சாட் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச வயது 13. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த எல்லை அங்கிருந்துதான் பரவியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயது வரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது.

வயது போதவில்லை என்று திரையில் வந்ததும் வருடத்தை 1995 என்று மாற்றிப் போட்டுவிடும் வீடுகள் நிறைய. சில சமயம் பெற்றோரே போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த நொடியிலேயே உங்கள் பிள்ளை அந்தத் தளத்தின் கணக்கில் முப்பது வயது ஆள். சிறுவர்களுக்கென்று இருக்கும் பாதுகாப்பு ஒன்றுகூட அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. பெரியவர்களுக்கான விளம்பரம் வரும், யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 2: போனையே பிள்ளைக்கான போனாக மாற்றுங்கள்

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற இலவச ஆப்பை உங்கள் போனில் இறக்குங்கள். அதில் பிள்ளை பெயரில், உண்மையான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு உருவாக்கி, அந்தக் கணக்கால் பிள்ளையின் போனைத் திறங்கள். இனி எந்த ஆப்பை இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கூகுள் குடும்பக் குழுவில் எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கு வைத்திருக்கும் அப்பாவை நிர்வாகியாகப் போட்டால் சிக்கல் வரும். சென்னையில் இருக்கும் அம்மா கணக்கில் தொடங்குங்கள். அனுமதி கொடுக்க அவர் காரைக்குடிக்கு வரவேண்டியதில்லை, அங்கிருந்தே கொடுக்கலாம்.

போனைச் சார்ஜ் போடும் இடம் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்), ஆள் நடமாடும் பக்கம் இருக்கட்டும். மாடி அறை வேண்டாம்.

படி 3: பேசுவதற்கு மெசஞ்சர் கிட்ஸ்

பேஸ்புக் நிறுவனத்தின் இந்த ஆப் 2017-இல் அமெரிக்காவில் வந்தது, 2020-இல் இந்தியாவுக்கும் வந்தது. பிள்ளைக்குத் தனி போன் எண் வேண்டாம், பேஸ்புக் கணக்கும் வேண்டாம். விளம்பரம் கிடையாது.

பிள்ளையின் போனில் ஆப்பை இறக்கி, உங்கள் பேஸ்புக் கடவுச்சொல்லைப் போட்டு உறுதி செய்யுங்கள். அதனால் பிள்ளைக்கு பேஸ்புக் கணக்கு தொடங்கிவிடாது. பெயர் கேட்கும் இடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் போதும். பிறகு உங்கள் பேஸ்புக் ஆப்பின் மெனுவில் மெசஞ்சர் கிட்ஸ் என்பதைத் திறந்தால் பெற்றோர் பலகை வரும். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, இரவு எப்போது பூட்டுவது எல்லாம் அங்கேதான். பிள்ளை யாரோடு பேசியது, என்ன படம் போனது வந்தது என்பதும் தெரியும்.

முதலில் அப்பா, அம்மா, அத்தை, அம்மான் என்று நாலைந்து பேர் போதும். சேர்க்கப்படும் பெரியவர் உங்கள் பேஸ்புக் நட்பில் இருக்க வேண்டும். சேர்க்கும் முன் அவருக்குப் போன் போட்டு, "இது உங்க கணக்குதானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்தக்காரர் படத்தையே எடுத்துப் போட்டு, அவர் பெயரிலேயே போலிக் கணக்கு திறப்பது இப்போது சர்வசாதாரணம். இரண்டு "அம்மான்" கணக்கு இருந்தால், நேற்று தொடங்கியது எது, நட்பு வட்டத்தில் நம் ஆட்கள் யாருமே இல்லாதது எது என்று பாருங்கள்.

ஆப்பை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. 2019-இல் மெசஞ்சர் கிட்ஸில் ஒரு தொழில்நுட்பப் பிழையால், பெற்றோர் அனுமதிக்காத ஆட்கள் இருக்கும் குழு அரட்டைக்குள் பிள்ளைகள் போக முடிந்தது. பிறகு நிறுவனமே பெற்றோருக்குத் தகவல் சொல்லி அந்தக் குழுக்களை மூடியது. மாதம் ஒருமுறையாவது அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 4: உருவாக்குவதற்கு ஸ்கிராட்ச்

எனக்கு மிகவும் பிடித்த தளம் இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது, இலவசம். பிள்ளைகள் தாங்களே விளையாட்டும் கதையும் செய்து வெளியிடுவார்கள், மற்ற பிள்ளைகள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். தனிச்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. எழுதுவது எல்லாம் பொதுவில்தான், ஆகவே நீங்களும் படிக்கலாம். கருத்துப் பகுதி வேண்டாம் என்றால் அணைத்தும் விடலாம்.

கணக்கு தொடங்கும்போது உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். பயனர் பெயரில் சொந்தப் பெயர், ஊர், பிறந்த வருடம் எதுவும் வரக் கூடாது. "மயில்பச்சை" மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளட்டும்.

வீடியோ பார்க்க மட்டும் என்றால் யூடியூப் கிட்ஸ். அதில் பெற்றோர் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் அமைப்பு இருக்கிறது. அதை வைத்தால் தேடும் வசதியும் மூடிக்கொள்ளும்.

படி 5: ஊரையும் வீட்டையும் மறையுங்கள்

சென்னையில் "ஏழாம் வகுப்பு" என்று போட்டால் லட்சம் பிள்ளைகளில் ஒன்று. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஊர்ப் பெயரோடு வகுப்பையும் போட்டால் விசாரித்துக்கொண்டு நேரே வாசலுக்கே வந்துவிடலாம். நம் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. முகப்பின் சுதை வேலை, நிலைக்கதவுச் சிற்பம், வாசலுக்கு மேலே பொறித்த விலாச எழுத்து இவற்றில் ஒன்று படத்தில் விழுந்தாலே உள்ளூர் ஆள் வீட்டைச் சொல்லிவிடுவார். பள்ளிச் சட்டையில் உள்ள சின்னமும் அப்படித்தான். பிள்ளையின் படத்தை வெற்றுச் சுவர் முன்னால் எடுங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடம் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

பிள்ளையைவிடப் பெரியவர்கள்தான் இதில் அதிகம் வெளியே விடுகிறோம். விசேஷ வீட்டுப் படங்களைப் பெயர், ஊர், கோயில் பிரிவு (நகரத்தார் குலப்பிரிவு) சகிதம் பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போடும் உறவினரிடம், "பிள்ளை படத்தை நண்பர்களுக்கு மட்டும் வைங்க அத்தை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள்.

படி 6: அப்பத்தா போனில் உள்ள வாட்ஸ்அப்

எண் தெரிந்த யாரும் செய்தி அனுப்பலாம் என்பதால் வாட்ஸ்அப் என் முதல் கேள்வியில் தேறாது. ஆனால் அது இல்லாத வீடு இல்லை. அமைப்புகள், தனியுரிமை, குழுக்கள் என்று போய் "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். கண்டவர்கள் குழுவில் இழுத்துப்போட முடியாது. அதே இடத்தில் அழைப்புகள் என்பதில் தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யலாம். இருபடிச் சரிபார்ப்பையும் போட்டு, அந்த ஆறு இலக்க எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

படி 7: பிள்ளையோடு பேசிப் பழகுங்கள்

ஆப்பால் முடியாத வேலை இது. தவறான எண்ணத்தோடு வரும் ஆள் பெரும்பாலும் நல்லவிதமாகத்தான் தொடங்குவான். விளையாட்டில் ஜெயிக்க உதவுவான், பாராட்டுவான். பிறகு "நீ எந்த ஸ்கூல்?", "வேற ஆப்ல வா பேசலாம்", "ஒரு போட்டோ அனுப்பு", "வீட்ல சொல்லாதே" என்று வரும். இந்த வாக்கியங்களை நீங்களே வாய்விட்டுச் சொல்லி, "இப்படிக் கேட்டா என்ன செய்வே?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அதுவே பதிலைச் சொல்லட்டும். கடைசி வாக்கியத்தை யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், உடனே வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்பது அதற்கு மனப்பாடமாக வேண்டும்.

பிள்ளைகள் நம்மிடம் மறைப்பதற்கு முக்கியக் காரணம் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். "என்ன நடந்தாலும் சொல்லு, திட்டமாட்டேன், போனையும் வாங்கமாட்டேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். கொடுத்தபின் மீறாதீர்கள்.

படி 8: ஏதாவது நடந்துவிட்டால்

கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். அரட்டை, பயனர் பெயர், தேதி எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அந்த ஆளை முடக்குங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பக் கேட்பான். பிள்ளையிடம் ஆபாசப் படம் கேட்பதும் அதற்கு அனுப்புவதும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பிள்ளைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பிள்ளைக்கு எந்த உதவி வேண்டுமானாலும் சிறுவர் உதவி எண் 1098, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், பிள்ளையே நேராகப் பேசலாம். இரண்டு எண்களையும் போனில் பதிந்து வையுங்கள், அப்பத்தாவின் மருந்து அட்டவணைக்குப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

13 வயது ஆன பிறகு

இன்ஸ்டாகிராம் கேட்கும். உண்மையான வயதில் தொடங்கினால் டீன் கணக்காகவே திறக்கும். 2025 முதல் இந்தியாவிலும் அப்படித்தான். கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், பிள்ளை பின்தொடராத ஆள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது. 16 வயதுக்குள் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிள்ளை கேட்டதும் அனுமதித்துவிடாமல், எதற்காகத் தளர்த்தக் கேட்கிறது என்று உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.