சோற்றை நிறுத்தாமல் 11 கிலோ

2021-ல் என் எடை 86 கிலோ. அதற்கு முன் ஒருமுறை சோற்றை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். முதல் வாரமே 3 கிலோ குறைந்தது, பெருமை தாங்கவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. உடல் சேமித்துவைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது அதோடு ஒட்டியிருக்கும் நீரும் போய்விடும். பொங்கல் வந்தது, சோறு வந்தது, எடையும் வட்டியோடு வந்தது.

இரண்டாம் முறை டீயிலிருந்து தொடங்கினேன். நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கணக்குப் போட்டால் சுமார் 40 கிராம், 160 கலோரி. ஒரு ஸ்பூன் ஆக்கினேன், அப்புறம் அரை, மூன்று மாதத்தில் அதுவும் இல்லை. முதல் பத்து நாள் கஷாயம் குடித்த மாதிரிதான் இருந்தது. தட்டில் பொரியலை முதலில் வைத்து, மிச்ச இடத்தில்தான் சோறு. இரவு ஐந்து இட்லி மூன்றானது, கூடவே கொஞ்சம் சுண்டல். பிறகு அரை மணி நடை.

சில மாதம் முள் நகரவே இல்லை. ஆனாலும் 14 மாதத்தில் 11 கிலோ குறைந்தது.

இப்போது ஞாயிறு காலை மட்டும் எடை பார்க்கிறேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் பார்ப்பதில்லை; உப்பு பிடித்துவைக்கும் தண்ணீரே பயமுறுத்திவிடும். 77-ஐத் தாண்டினால் இரண்டு வாரத்துக்கு இட்லி இரண்டுதான். தீபாவளிக்குப் பிறகு எப்படியும் அந்த இரண்டு வாரம் வந்துவிடுகிறது.